கல்வெட்டில் இல்லாத வரி

ஒரே தந்தையைப் பற்றி இரண்டு மகன்மார் எழுதிய இரண்டு ஆங்கில நூல்கள் என்னுடைய புத்தக அலுமாரியில் அருகருகே இருக்கின்றன. இளையவரான மைக்கல் ஒண்டாச்சி எழுதிய 'ரன்னிங் இன் த ஃபெமிலி' 1982 இல் வெளிவந்தது. மூத்தவரான கிறிஸ்தோபர் ஒண்டாச்சி எழுதிய 'த மேன் ஈட்டர் ஒஃப் புணாணை' சரியாகப் பத்து ஆண்டுகள் கழித்து, 1992 இல் வெளிவந்தது. மைக்கலை 'த இங்லிஷ் பேஷன்ட்' நாவலுக்காகப் புக்கர் பரிசு பெற்றவர் என்று உலகம் அறியும். அதே 1992 இல் தாயாரின் குடும்பப் பெயரில் இலங்கையின் ஆங்கில எழுத்தாளர்களுக்காகக் கிரேஷியன் பரிசை ஏற்படுத்தியவரும் அவரே. கிறிஸ்தோபர் கனடாவில் நிதித்துறையிலும் பதிப்புத்துறையிலும் பெயர் பெற்றவர். இவர்களுடைய குடும்பத்தின் பூர்வீகம், முன்னொரு காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த ஒரு வைத்தியரிடம் தொடங்குவதாகக் குடும்ப மரபு சொல்கிறது.

இவ்விருவருடைய தந்தையார் மேர்வின் ஒண்டாச்சி தோட்டத்துரையாக இருந்தவர். கேகாலையில் வாழ்ந்தவர். அளவுக்கு மீறிக் குடித்தவர். அந்தக் குடியினால் குடும்பம் உடைந்தது. தாயார் பிரிந்து இங்கிலாந்துக்குச் சென்றார். 1933 இல் பிறந்த கிறிஸ்தோபர் 1947 இல் இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பப்பட்டார். 1943 இல் பிறந்த மைக்கல் 1954 இல் பதினொரு வயதுச் சிறுவனாகக் கப்பலேறினார்.

இளையவருடைய நூலில் தந்தையார் ஓர் ஐதீகக் கதாபாத்திரம் போல வருகிறார். ஓடும் புகையிரதத்தைக் குடிபோதையில் நிறுத்திவைத்த கதைகளை வாசிக்கும்போது சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்த பிறகுதான் அந்த மனிதரோடு ஒரு மனைவியும் நான்கு பிள்ளைகளும் வாழ்ந்திருக்கிறார்கள் என்பது உறைக்கிறது. மூத்தவருடைய நூல் வேறு விதமானது. போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் இலங்கைக்கு வந்து, 1924 இல் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு மனிதர் தின்னும் சிறுத்தையின் தடத்தைத் தேடிக் கிழக்கிலுள்ள புணாணைக்குப் போகிறார். சிறுத்தையைத் தேடுவதும் தந்தையைத் தேடுவதும் அந்த நூலில் பின்னிக்கொண்டு கிடக்கின்றன.

இருவருக்கும் இடையே பத்து வயது வித்தியாசம். இளையவர் தன் தந்தையைப் பெரும்பாலும் மற்றவர்களிடம் கேட்டுக் கேட்டுச் சேகரிக்க வேண்டியிருந்தது. மூத்தவருக்கு நேரடி நினைவுகள் இருந்தன. ஒரே பெயருடைய ஒரே மனிதர்தான். ஆனால் இரண்டு தந்தையர்.

நான் இந்த நூல்களை இலக்கியத்துக்காக மட்டும் வாசித்தவன் அல்லன். மட்டக்களப்புக்குச் செல்லும் புகையிரதப் பாதையில், புணாணைக்கு அண்மையில், ஒரு சிறிய நிலையத்தின் விடுதியில்தான் என்னுடைய முதல் நினைவுகள் ஆரம்பிக்கின்றன. எங்கள் அப்பா புகையிரத நிலைய அதிபர். என் அண்ணனும் அக்காவும் இருபத்தொன்பது ஆண்டுகள் ஒருவரோடொருவர் பேசாமல் வாழ்ந்தவர்கள். இதனை எழுதுவதற்கு அக்கா எனக்கு அனுமதி தந்திருக்கிறார். அண்ணன் இன்று இல்லை. பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தை அறிந்தவர்களுக்குப் பெயர் தேவையில்லை.

அப்பாவுக்கு ஊரில் நல்ல பெயர். இரவுப் புகையிரதத்தைத் தவறவிட்ட பயணிகளுக்கு நிலையத்திலே படுக்க இடம் கொடுத்து, எங்கள் வீட்டிலிருந்து சோறும் அனுப்புவார். அவருடைய ஆங்கிலக் கையெழுத்து அச்சடித்தது போலிருக்கும். ஒற்றைத் தண்டவாளப் பாதையில் ஒரு நிலைய அதிபரின் கவனப் பிசகு எத்தனை உயிர்களைக் காவுகொள்ளும் என்பதை அறிந்தவர் அவர். கடமை நேரத்தில் ஒரு சொட்டும் தொடமாட்டார். கடமை இல்லாத இரவுகளில் சாராயப் போத்தல் வரும். அதன் பிறகு இடுப்புப்பட்டி கழலும்.

அடி பெரும்பாலும் அண்ணனுக்குத்தான். காரணங்கள் எப்போதும் சிறியவை. விளக்குச் சிமினியில் கரி, ஒரு கணக்குப் பிழை, கூப்பிட்ட குரலுக்கு உடனே வராதது. மறித்தால் அம்மாவுக்கும் விழும். அக்காவுக்குக் கையால் அடி. கடைக்குட்டியான எனக்கு அடி விழுந்ததாக நினைவில்லை. அண்ணனுடைய கால்களில் கிடந்த தழும்புகளைப் பார்த்துப் பாடசாலையில் ஆசிரியர் ஒருவர் விசாரித்தாராம். சைக்கிளிலிருந்து விழுந்ததாக அண்ணன் சொன்னாராம். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. அக்காலத்தில் கேட்பதற்கு இன்றிருப்பது போன்ற ஓர் அதிகாரசபை இருக்கவில்லை. 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம்தான் இலங்கையில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை உருவானது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005 இல் வந்தது. இன்று ஒரு பிள்ளை 1929 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி எடுக்கலாம். 1959 இல் எங்கள் நிலையத்தில் இருந்த ஒரே தொலைபேசி அப்பாவின் மேசையில் இருந்தது.

1962 இல், பதினேழாவது வயதில், அண்ணன் அப்பாவின் ஓங்கிய கையைப் பிடித்து நிறுத்தினார். திருப்பி அடிக்கவில்லை. பிடித்த கையை விட்டுவிட்டு, அன்றிரவே கொழும்பு மெயிலில் ஏறிவிட்டார். கொழும்பில் ஓர் அச்சகத்தில் முதலில் எடுபிடியாகவும் பிறகு அச்சுக்கோப்பாளராகவும் வேலை பார்த்தார். பின்னாளில் நான் பத்திரிகைத் துறைக்குள் வந்ததற்கு அவர்தான் முதற்காரணம். ஈய எழுத்துக்களைத் தலைகீழாக வாசிக்கவும், ஒப்புநோக்கும் அடையாளங்களை இடவும் எனக்குக் கற்றுத் தந்தவர் அவரே. 1979 இல் அவரும் அக்காலத்து இளைஞர்கள் பலரைப் போலக் கிழக்கு பேர்லின் வழியாக மேற்கு ஜேர்மனிக்குப் போய்ச் சேர்ந்தார். அம்மாவின் பெயருக்கு மாதாமாதம் காசு வரும். கடிதம் எனக்கு வரும். அப்பாவைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இருக்காது.

அக்கா வீட்டில் இருந்தார். ஆசிரியை ஆனார். கொடிகாமத்துக்கு அண்மையில் அப்பா ஓய்வுபெற்றுக் கட்டிய வீட்டிலேயே திருமணம் முடித்துக் குடியிருந்தார். 1983 இல் அப்பாவைப் பாரிசவாதம் வீழ்த்தியது. வலது பக்கம் முழுவதும் செயலிழந்தது. இடுப்புப்பட்டி பிடித்த அதே கை. மூன்று வருடங்கள் அக்காதான் அவரைக் குளிப்பாட்டி, சோறு தீத்தி, மலசலம் எடுத்தார். 1986 இல் அப்பா காலமானார்.

எங்கள் சமூகத்தில் அந்தியேட்டிக் கிரியை நாளன்று இறந்தவரைப் பற்றிய 'கல்வெட்டு' என்னும் சிறு நூலை அச்சிட்டு வழங்கும் வழக்கம் யாழ்ப்பாணத்தவர்களுக்குத் தெரியும். மற்றைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன். இறந்தவருடைய படம், வாழ்க்கை வரலாறு, தேவாரங்கள், பிள்ளைகளும் மருமக்களும் பேரப்பிள்ளைகளும் புலம்புவதாக ஒரு புலவர் இயற்றிய பாடல்கள் ஆகியன அதில் இருக்கும். கல்வெட்டில் எந்தத் தந்தையும் கோபக்காரர் அல்லர். எந்த மாமியாரும் கடுமையானவர் அல்லர். அது ஓர் இலக்கிய வகை. அதன் இலக்கணம் அப்படி. அப்பாவின் கல்வெட்டிலும் அவர் அன்பே உருவானவர் என்றும், பிள்ளைகளைக் கண்மணி போல வளர்த்தவர் என்றும் அச்சாகியிருந்தது. பிள்ளைகளின் புலம்பலில் முதலாவதாக மூத்த மகனின் புலம்பல் இருந்தது.

அக்கா அதில் ஒரு பிரதியை ஜேர்மனிக்கு அனுப்பினார். ஆறு வாரங்களில் அது திரும்பி வந்தது. பக்கம் பக்கமாகச் சிவப்பு மையால் ஒப்புநோக்கப்பட்டிருந்தது. 'அன்பே உருவான' என்பதற்கு நீக்கற் குறி. 'கண்மணி போல' என்பதற்கு நீக்கற் குறி. மூத்த மகனின் புலம்பல் முழுவதற்கும் குறுக்கே ஒரு கோடு. ஓரத்தில் எந்த வசையும் இல்லை. ஒரு தொழிலாளியின் சுத்தமான வேலை. இறுதிப் பக்கத்தில், திருத்தி மீண்டும் அனுப்புக என்ற பொருளில் அச்சகங்களில் இடும் குறிப்பு மாத்திரம் இருந்தது.

அக்கா அதற்குப் பதில் எழுதவில்லை. அன்று முதல் இருவரும் பேசவில்லை. 1994 இல் அம்மா காலமானபோது மரண அறிவித்தலில் அண்ணனுடைய பெயரை அடைப்புக்குறிக்குள் ஜேர்மனி என்று குறிப்பிட்டு நான்தான் சேர்த்தேன். பத்திரிகை அலுவலகத்தில் நீண்ட காலம் இருந்தவர்களுக்கு மரண அறிவித்தல் பக்கம் ஒரு தனிப் பாடநூல். எந்தப் பிள்ளையின் பெயர் விடுபட்டிருக்கிறது, யாருடைய பெயர் இறுதி நேரத்தில் வெட்டப்பட்டது, ஒரே மனிதருக்கு ஏன் இரண்டு அறிவித்தல்கள் வருகின்றன என்பவற்றை அந்தப் பகுதியில் இருப்பவர்கள் வாய்விட்டுப் பேசுவதில்லை. ஆனால் எல்லாம் தெரியும். துக்கம் நிறைந்த அந்தப் பக்கத்தில்தான் குடும்பங்களின் வழக்குகளும் நடக்கின்றன.

"அண்ணர் ஏன் வருவதில்லை?" என்று உறவினர்கள் கேட்கும்போதெல்லாம் எங்களிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. நாட்டு நிலைமை. 1983 க்குப் பிறகு அது யாரும் மறுக்க முடியாத பதிலாகியது. 1990 இல் யாழ்தேவி நின்றபோது அந்தப் பதில் மேலும் வலுப்பெற்றது. 1995 இடப்பெயர்வு, 2000 ஆம் ஆண்டு தென்மராட்சி அழிந்த சண்டை, 2009 என்று ஒவ்வோர் ஆண்டும் எங்களுக்கு ஒரு புதிய காரணத்தைத் தந்தது. போர் எங்களுடைய எத்தனையோ உறவுகளை உண்மையிலேயே பிரித்துப்போட்டது. அதில் மறுபேச்சில்லை. ஆனால் போருக்கு முன்பே பிரிந்துபோயிருந்த உறவுகளையும் நாம் போரின் கணக்கில் எழுதிவைத்தோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். உடன்பிறப்புகளும் உறவினர்களும் பேசாமலிருப்பதற்குப் போர் அவசியமில்லை. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்ல் பில்லமர் 2020 இல் வெளியிட்ட நூலுக்காக நடத்திய கருத்தாய்வில், அந்நாட்டு வளர்ந்தோரில் 27 சதவீதமானோர் தமது உறவினர் ஒருவருடன் தொடர்பற்று இருப்பதாகத் தெரிவித்திருந்தனர். அவர்களுக்கு 'நாட்டு நிலைமை' என்ற பதில் கிடையாது.

2009 இல் போர் முடிந்தது. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரை புகையிரதம் மீண்டும் ஓடத் தொடங்கியது. எங்களிடமிருந்த காரணங்கள் ஒவ்வொன்றாகத் தீர்ந்துபோயின. அடுத்த வருடம், 2015 இல், வீட்டுக் காணியின் உறுதி சம்பந்தமாக மூவரும் நொத்தாரிசின் முன்னால் கையொப்பமிட வேண்டியிருந்தது. தபாலில் முடிக்கவும் வழியிருந்தது. அண்ணன், தான் நேரில் வருவதாக எனக்குத் தொலைபேசியில் சொன்னார். அப்போது அவருக்கு எழுபது வயது. அக்காவுக்கு அறுபத்தேழு. எனக்கு அறுபத்தொன்று.

கொழும்பிலிருந்து நாங்கள் இருவரும் யாழ்தேவியில் சென்றோம். வழிநெடுக ஒவ்வொரு நிலையத்திலும் அண்ணன் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். நிலைய அதிபர்களின் வெள்ளை உடுப்பைத்தான் பார்க்கிறார் என்பது எனக்கு விளங்கியது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டில் முதல் நாள் முழுவதும் மருமக்கள், பேரப்பிள்ளைகள், முழங்கால் வருத்தம் என்று பேச்சு நகர்ந்தது. இருவரும் என்னைப் பார்த்தே பேசினார்கள். "தேத்தண்ணிக்குச் சீனி போடுறவரோ எண்டு கேள்" என்பார் அக்கா. "வேண்டாம் எண்டு சொல்லு" என்பார் அண்ணன். இரண்டாம் நாள் இரவு, சாப்பாடு முடிந்த பிறகு, அக்கா உள்ளே சென்று அந்தக் கல்வெட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். சிவப்பு மை மங்கி மண்ணிறமாகியிருந்தது. 2000 ஆம் ஆண்டு செல்லடிக்குள் வீட்டை விட்டு ஓடியபோது காணி உறுதியோடும் அம்மாவின் தாலியோடும் அதையும் எடுத்துக்கொண்டுதான் ஓடியிருக்கிறார்.

"மூண்டு வருசம் நான் குளிப்பாட்டின மனுசனுக்கு எழுதினது இது. நீங்கள் வெட்டினது வேற மனுசனை" என்றார். முப்பது வருடங்களுக்குப் பிறகு அண்ணனை நோக்கி அவர் நேரடியாகச் சொன்ன முதல் வசனம் அது.

அண்ணன் அதைத் தொடவில்லை. "என்ர பேரில ஏன் அழுதனீங்கள்?" என்று கேட்டார். "நான் அழேல்லை. நான் அழாததையும் எனக்கு விடேல்லை."

அக்கா பேசாமலிருந்தார். அண்ணன் தொடர்ந்தார். கல்வெட்டு அல்ல அவருடைய உண்மையான வழக்கு என்பது அப்போதுதான் தெரியவந்தது. 1959 இல் ஒரு நாள். அப்பா தேடுகிறார் என்று தெரிந்து, அண்ணன் நீராவி இயந்திரங்களுக்குத் தண்ணீர் நிரப்பும் தாங்கியின் கீழே ஒளிந்திருக்கிறார். அந்த இடம் அக்காவுக்கு மட்டும் தெரியும். அப்பா நேராக அங்கே வந்தார். அன்று விழுந்த அடியில் அண்ணனுடைய இடது கை விரல் ஒன்று உடைந்தது. பிறகு ஒருபோதும் அது முழுதாக மடியவில்லை. அச்சுக்கோக்கும் தொழிலில் அந்த விரலால் அவர் பட்ட சிரமத்தை நான் அறிவேன். காரணத்தை அறிந்திருக்கவில்லை.

"நீ தானே காட்டிக் குடுத்தனி" என்றார் அண்ணன்.

எங்கள் மண்ணில் அந்தச் சொல்லுக்கு எவ்வளவு கனம் என்பது வாசகர்களுக்குத் தெரியும். அக்கா அதை மறுக்கவில்லை.

"ஓம். நான் தான் சொன்னனான். இவனைக் கிணத்துக் கட்டில நிப்பாட்டி, ஒரு கையால பிடிச்சுக்கொண்டு கேட்டவர். எங்க அவன், சொல்லு, இல்லாட்டி இவனை விட்டிடுவன் எண்டு. இவனுக்கு அஞ்சு வயசு. எனக்குப் பதினொண்டு. நான் என்ன செய்யிறது அண்ணா?"

'இவன்' என்றது என்னை.

அன்றைய நாள் எனக்கு நினைவில் இல்லை. எவ்வளவு முயன்றும் ஒன்றும் வரவில்லை. திரைப்படங்களில் வருவது போலக் கிணற்றைக் கண்டால் எனக்கு நடுக்கம் எடுப்பதும் இல்லை. அந்த விடுதியின் கிணற்றில் வாளி மோதும் சத்தமும், கட்டின் மேல் காயப்போட்டிருக்கும் அப்பாவின் வெள்ளைச் சட்டைகளும் மட்டும்தான் நினைவில் இருக்கின்றன. நாற்பது வருடங்கள் மற்றவர்களுடைய சாட்சியங்களைக் கேட்டு எழுதியவன் நான். என்னுடைய உயிரைப் பணயமாக வைத்து நடந்த ஒரு சம்பவத்துக்கு என்னிடம் சாட்சியம் இல்லை. அதைச் சுமந்தவர் அக்கா. அம்மாவிடமும் சொல்லவில்லையாம். "சின்னவனுக்குத் தெரியக்கூடாது எண்டு நினைச்சன். தெரிஞ்சால் அவனுக்கு அப்பா இல்லாமல் போயிடும். உங்களுக்கு எப்பவோ இல்லாமல் போயிட்டுது. எனக்கும் அரைவாசிதான். ஒராளுக்காவது முழுசா இருக்கட்டும் எண்டுதான்."

அண்ணன் நெடுநேரம் எழும்பவில்லை. மன்னிப்புக் கேட்கவில்லை. அக்காவும் எதிர்பார்க்கவில்லை. "எனக்குத் தெரியாது" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார். பிறகு, "உனக்கு மெயில் இல்லை என்ன" என்றார். அக்காவுக்கு அது உடனே விளங்கியது. எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. பதினேழு வயதுப் பையன் இரவு மெயிலில் ஏறிப் போகலாம். அதே வீட்டிலுள்ள பதினான்கு வயதுப் பெண் எந்தப் புகையிரதத்தில் ஏறிப் போவது? போக முடிந்தவர் கோபத்தைக் காப்பாற்றிக்கொண்டார். போக முடியாதவர் அந்த மனிதரோடு வாழ்வதற்கு ஒரு வழியைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அந்த வழிதான் கல்வெட்டில் அன்பே உருவானவர் என்று அச்சானது.

அவர்கள் அன்றிரவே எல்லாவற்றையும் தீர்த்துக்கொண்டார்கள் என்று எழுதினால் அது உண்மையாகாது. அண்ணன் அப்பாவை மன்னிக்கவில்லை. அக்கா கல்வெட்டின் ஒரு சொல்லையும் மீளப்பெறவில்லை. அடுத்த நாள் நொத்தாரிசிடம் அண்ணன் தன்னுடைய பங்கை அக்காவின் பெயருக்கு நன்கொடையாக எழுதினார். அக்கா அதை ஏற்க மறுத்து வாக்குவாதப்பட்டார். நொத்தாரிசு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் காத்திருந்தார். ஆனால் அந்த வாக்குவாதத்தை அவர்கள் என்னூடாக நடத்தவில்லை. நேரடியாகவே நடத்தினார்கள். அதன் பிறகு ஆறு வருடங்கள், ஞாயிற்றுக்கிழமை தோறும் தொலைபேசியில் பேசினார்கள். அப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒருவர் 'உன்ர அப்பா' என்பாராம். மற்றவர் 'உங்கட அப்பா' என்பாராம். அதில் சற்றுச் சிரிப்பும் இருந்ததாக அக்கா சொன்னார்.

ஒண்டாச்சி சகோதரர்களின் நூல்களை அதன் பிறகு நான் மீண்டும் வாசித்தேன். எந்த நூல் உண்மையானது என்று முன்னர் எனக்குள் ஒரு கேள்வி இருந்தது. இப்போது அந்தக் கேள்வி இல்லை. ஒரே வீட்டில் பிறந்தவர்கள் ஒரே குழந்தைப் பருவத்தைப் பெறுவதில்லை. மூத்தவர் கண்டதை இளையவர் காண்பதில்லை. மகன் கண்டதை மகள் காண்பதில்லை. பெற்றவரின் முப்பது வயது ஒரு பிள்ளைக்கும் அறுபது வயது இன்னொரு பிள்ளைக்கும் வாய்க்கிறது. உடன்பிறந்தவருடைய நினைவு நம்முடையதோடு பொருந்தவில்லை என்பதற்காக அதைப் பொய் என்று சொல்லும்போதுதான் பகை ஆரம்பிக்கிறது. அவரவர் நின்ற இடம் எது என்று கேட்கும் வரை அந்தப் பகை தீர்வதில்லை. கேட்பதற்கு எங்களுக்கு ஐம்பத்தாறு வருடங்கள் எடுத்தன. இதை வாசிப்பவர்களில் யாராவது ஒருவருக்கு அவ்வளவு காலம் எடுக்கக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2021 இல், பெருந்தொற்றுக் காலத்தில், அண்ணன் ஜேர்மனியில் காலமானார். இறுதிக் கிரியைகளை நாங்கள் கணினித் திரையில்தான் பார்த்தோம். அந்தியேட்டிக்கு ஊரில் ஒரு கல்வெட்டு அச்சிட வேண்டும் என்று அக்கா சொன்னார். புலவர் வேண்டாம், தானே எழுதுவதாகவும் சொன்னார். நான்கு பக்கங்கள். பிறந்த ஊர், தொழில், போன நாடு, மனைவி மக்கள் விபரம். இரண்டாம் பந்தியில் ஒரு வரி. "சிறு வயதில் எங்கள் தந்தையாரிடம் மிகுந்த அடியைத் தாங்கி வளர்ந்தவர்."

ஒப்புநோக்கும் வேலை எனக்கு வந்தது. உறவினர் இருவர் அந்த வரியை எடுத்துவிடும்படி என்னிடம் கேட்டார்கள். செத்தவீட்டுப் புத்தகத்தில் இதெல்லாம் எதற்கு என்றார்கள். அப்பாவின் பெயர் கெடும் என்றார்கள். அக்காவிடம் சொன்னேன். "அப்பாவின்ர கல்வெட்டு அப்படியே இருக்குத்தானே. அது அவருக்கு. இது இவருக்கு" என்றார். நான் ஒரு எழுத்தையும் தொடவில்லை.

நூறு பிரதிகள் அச்சாகின. பத்துப் பிரதிகள் ஜேர்மனிக்குப் போயின. அண்ணனுடைய மகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் எழுதி அனுப்பும்படி என்னிடம் கேட்டார். அனுப்பினேன். இரண்டு நாட்களின் பின்னர் பதில் வந்தது. அப்பா தங்களை ஒருநாளும் அடித்ததில்லை என்று எழுதியிருந்தார். ஆனால் சிறுவயதில் தானோ தம்பியோ உரத்து அழுதால், அப்பா சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வீட்டை விட்டு வெளியே போய்விடுவாராம். மழையானாலும் பனியானாலும் ஒரு மணி நேரம் கழித்துத்தான் திரும்புவாராம். தங்கள் அழுகை அவருக்குப் பிடிக்கவில்லை என்றே இவ்வளவு காலமும் நினைத்திருந்தார்களாம்.

அந்தக் கடிதத்தைத் தமிழில் எழுதி அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டாவது தடவையும் வாசிக்கச் சொன்னார். பிறகு அந்தத் தாளை வாங்கி, இரண்டு கல்வெட்டுகளும் இருந்த உறைக்குள் வைத்தார்.